அறுபது மூடிகளும் இரண்டு நிறப் புள்ளிகளும்

காணாமல் போன அறுபது இரும்பு மூடிகளை, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ, நாற்காலியை விட்டு எழாமல், அரை டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்த தணிக்கையாளர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். மீதி அரை டம்ளரை அவர் சூடாகவே குடித்தார்.

வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் அவர். நகராட்சியில் அவருக்கு மேலாளரும் கிடையாது, மாமனும் மச்சானும் கிடையாது. அன்று காலை அவர் மேசை முன்னால் கிடங்குக் காப்பாளர் அம்மாள் வந்து நின்றார். ஆறு மாதத்துக்கு முன் பொறுப்பேற்றபோது, சாக்கடைக் குழி மூடிகள் முந்நூறு என்று பதிவேட்டில் இருந்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டவர். நேற்று எண்ணியதில் இருநூற்று நாற்பதுதான். மூன்று மணிக்கு வேலை நீக்க உத்தரவு வருகிறது.

"ரெண்டு ஆள் சேர்ந்து தூக்குற சாமான் சார். கைப்பையிலயா போட்டு எடுத்துட்டுப் போனேன்?" என்றார்.

திருட்டு என்று கேட்டாலே செருப்பை மாட்டிக்கொள்ளும் பெண்மணி, உதவித் தணிக்கையாளர். அதற்குள் நாற்பத்தேழு பழைய இரும்புக் கடைகளைப் பட்டியல் போட்டுவிட்டார். அதில் ஒன்பது கடைகள் உண்மையிலேயே இருந்தன.

தணிக்கையாளர் தேநீரை உறிஞ்சியபடி போன வருட இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்டார். கொண்டுவந்தவர் தலைமைக் கணக்கர். போன வருடம் எண்ணியவர் அவரே, நேற்று எண்ணியவரும் அவரே, குற்றச்சாட்டை எழுதியவரும் அவரே. ஒரு வருடமாகத் தெருக்களுக்குச் சிமென்ட் மூடிதான் போகிறது, இரும்பை யாரும் தொடவில்லை, ஆகவே இது திருட்டுதான் என்றார்.

"போன வருஷம் எண்ணுறதுக்கு முன்னாடி பதிவேட்டுல எத்தனை இருந்துச்சு?"

இருநூற்று நாற்பது. எண்ணியபோது முந்நூறு வந்ததால், 'அறுபது மிகை' என்று எழுதிக் கணக்கர் பதிவேட்டைத் திருத்தியிருந்தார்.

"குறைஞ்சா எங்க போச்சுன்னு ஊரையே கூட்டுறீங்க. கூடினப்போ எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்கலையே? இரும்பு குட்டி போடுமா?"

கணக்கருக்கு முகம் சுருங்கியது. முப்பது வருட அனுபவத்தில் ஒரு சாமானை இரண்டு தடவை எண்ணியதே இல்லை என்றார். எண்ணியதும் மூடிமேல் பெயின்ட் புள்ளி வைப்பது அவர் வழக்கம். போன வருடம் எண்ணிய நாளில் காலை வடக்குக் கொட்டகையில் வெள்ளை, அது தீர்ந்துபோனதால் மதியத்துக்குமேல் தெற்குக் கொட்டகையில் மஞ்சள்.

"நடுவுல?"

"சாப்பிடப் போனோம்."

தணிக்கையாளர் அடுத்துக் கேட்டது டிராக்டர் ஓட்டப் பதிவேடு. அதே நாள், மதியம் ஒரு மணி: வடக்கிலிருந்து தெற்கு, ஒரு நடை. கூப்பிட்டுக் கேட்டபோது டிராக்டர் ஓட்டுநருக்கு நினைவிருந்தது. வடக்குக் கொட்டகை ஒழுகியதால் பொறியாளர் மாற்றச் சொன்னாராம்.

"அறுபது மூடி சார். தூக்கி இறக்க முதுகு வேணுமே. ஒவ்வொண்ணாப் புரட்டிவிட்டோம், குப்புற விழுந்துச்சு."

உதவித் தணிக்கையாளர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்போ வெள்ளைப் புள்ளி அடியில போயிடுச்சு. மேல மஞ்சள் வச்சிருக்காங்க."

"அதேதான் அம்மா. இருந்தது எப்பவும் இருநூத்தி நாப்பதுதான். போய்ப் பார்த்துடலாம்."

எல்லோரும் தெற்குக் கொட்டகைக்குப் போனார்கள். கணக்கர் மட்டும் வழியெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தார். இதெல்லாம் கதை, தன் கண்ணுக்குத் தப்பியிருக்காது என்றார். இரண்டு தொழிலாளர்கள் முதல் மூடியைப் புரட்டினார்கள். மேலே மஞ்சள், அடியில் வெள்ளை. தற்செயல் என்றார் கணக்கர். பத்தாவது மூடியிலும் அதையே சொன்னார். முப்பதாவது மூடிக்கு அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். காப்பாளர் அம்மாள் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினார். ஐம்பதைத் தாண்டியபோது அவர் குரலில் சிரிப்பு கலந்திருந்தது.

அறுபதாவது மூடியும் அப்படியே. அறுபத்தொன்றாவதன் அடியில் வெறும் துரு.

கணக்கர் துரு படிந்த கையை வேட்டியில் துடைத்தார். மூன்று மணிக் கையெழுத்துக்காகத் தானே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்த வேலை நீக்க உத்தரவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டுக் காப்பாளர் அம்மாளிடம் நீட்டினார்.

"தணிக்கை அறிக்கையில எழுதிக்குங்க சார். ஒரு மூடியும் காணாமப் போகல. அறுபதையும் ரெண்டு தடவை எண்ணினவன் நான்தான்."