அறுபது நன்றி

மனித குலம் ஐயாயிரம் ஆண்டுகளாகத் தேடித் தவித்த நீதியான பொருளாதாரம், கடைசியில் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பூரணி லாட்ஜில் வந்து முழுமை பெற்றது. வெந்நீர்தான் வரவில்லை.

மங்கையர்க்கரசி பச்சைத் தண்ணீரில் குளித்து, நடுங்கிக்கொண்டே புடவை கட்டி, எட்டே முக்காலுக்குக் கீழே இறங்கினாள். பத்து மணிக்கு ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு வருடம் வால்பாறை. மகள் காரைக்குடியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அம்மா என்றால் திரையில் தெரியும் முகம் என்று பழகிவிட்டாள்.

வாசல் கண்ணாடிக் கதவில் மணிக்கட்டைக் காட்டினாள். அதில் கட்டியிருந்த பட்டையின் நன்றிமானி 'பதினொன்று' என்று காட்டியது. கதவு அசையவில்லை.

"அறுபது வரணும் டீச்சர்," என்றார் மேலாளர் சவரிமுத்து. குரலில் கல்யாண வீட்டு உபசாரம்.

"வெந்நீர் வரல. ஃபேன் சுத்தல. விடிய விடிய கொசு. அறுபது எங்கேருந்து சார் வரும்?"

விடுதிகளில் பணம் ஒழிந்து ஒன்பது வருடம் ஆகிறது. தங்கியவர் மனதில் ஊறும் நன்றியே இப்போது கட்டணம். அதைப் பார்த்துத்தான் விடுதிக்கு அரிசியும் மின்சாரமும் ஒதுக்குவார்கள். அறுபதுக்குக் கீழே வெளியேறுவது, பழைய நாளில் பில் கட்டாமல் ஓடுவதற்குச் சமம். நாடியைப் பார்த்து மானி சொல்லும் எண் என்பதால் வாயால் ஏமாற்றவும் வழியில்லை.

"ரொம்ப நன்றி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. எண் ஒன்பதுக்கு இறங்கியது.

சவரிமுத்து காபி வரவழைத்தார். பன்னீர் தெளித்தார். எண் ஏழானது.

"நான் மூணு ஏற்பாட்டையும் பாத்தவன் டீச்சர். வியாபாரக் காலத்துல நாங்க சிரிச்சா அதுக்குத் தனி ரேட்டு, ஜன்னலத் திறந்தா காத்துக்கு ஒரு ரேட்டு. அப்புறம் அரசாங்க வாரியம் எடுத்து நடத்துச்சு. மாடி முழுக்கக் காலியாக் கிடக்கும், வாசல்ல 'ரூம் இல்லை'ன்னு போர்டு தொங்கும். ஆளு வந்தாத்தானே விரிப்பு அழுக்காகும்? சம்பளம் எப்படியும் வந்துரும். இப்பதான் மனுஷன் மனசுக்கு மதிப்பு."

"மனசுக்கு மதிப்பு இருக்கட்டும். வெந்நீர விட்டா என்ன கேடு?"

"போன வருஷம் விட்டோமே! குளிச்சுட்டுச் சும்மா போயிட்டாங்க. சராசரி இருபத்திரெண்டு. ஒரு மாசம் எங்களுக்கே அரிசி இல்ல. தானா கிடைக்கிறதுக்கு எவன் டீச்சர் நன்றி சொல்றான்?"

எண் நான்கு. மணி ஒன்பது இருபத்தைந்து.

அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "எம் பிள்ளைகூட இருக்கணும் சார். வேற ஒண்ணும் கேக்கல," என்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சவரிமுத்து இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எந்திரிங்க. சத்தம் போடாம வாங்க."

சமையலறை வழியாக நடத்திப் போய்ப் பின்கதவைத் திறந்தார். சந்தில் ஓர் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. "ஓடுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா என் வேலை போயிரும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அண்ணே, சாகுற வரைக்கும் இத மறக்கமாட்டேன்."

மணிக்கட்டு தொண்ணூற்றெட்டு காட்டியது.

ஆட்டோவில் ஏறியபின்தான் பின்கதவின் மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். 'நன்றி, மீண்டும் வருக.' பலகைக்கு மாலை போட்டிருந்தது. கீழே கிடந்த மிதியடி நடுவில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே சர்வரின் குரல் கேட்டது: "சார், பன்னெண்டாம் நம்பரும் அழ ஆரம்பிச்சுட்டாரு!"

போகும் வழியெல்லாம் சவரிமுத்துவை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள். ஆட்டோக்காரர் திரும்பியே பார்க்கவில்லை, பழக்கம் போல. எண் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

பெயரைக் கூப்பிடுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான்கு வருடமாக 'இடம் இல்லை' என்று திருப்பி அனுப்பிய அதே அதிகாரி, காரைக்குடிக்கான உத்தரவை நீட்டினார். அந்த இடம் நான்கு வருடமாகக் காலியாக இருந்ததென்று அதிலேயே அச்சிட்டிருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் குனிந்து வாங்கிக்கொண்டாள். மானி நூறு காட்டியது.