தினமும் அழித்த எண்

"என் தம்பி வாயே திறக்க மாட்டேங்கிறான் சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அக்கா சொன்னாள். கண் ஆபரேஷன் முடிந்து எட்டு நாள்தான் ஆகிறது; எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தார். துப்பறிவதில் கெட்டிக்காரரான அவரை எல்லோரும் நிதானம் என்றே அழைத்தார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவருடைய மைத்துனியின் கேலி. அவளோ வழக்கு வந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ரகம். அவர் பக்கத்தில் நோட்டைத் திறந்து தயாராக இருந்தாள்.

தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். போன வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அங்கே அம்மோனியா கசிந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் உயிரோடு வெளியே வரவில்லை. எச்சரிக்கையைக் கெடுத்துவிட்டு லீவில் போய்விட்டான் என்று மேலாளர் தம்பியின் தலையில் பழியைக் கட்ட, போலீஸ் அவனை உள்ளே வைத்துவிட்டது.

"ஏன் லீவு?" என்றார் நிதானம்.

"எனக்கு ஆபரேஷன். வேற துணை கிடையாது. தட்டிக் கழிச்சான், நான்தான் அழுது அடம்பிடிச்சு கூட்டிட்டுப் போனேன். அங்கேயும் ஏழு மணிக்கு போனும் கையுமா நின்னான். பிடுங்கி என் பைக்குள்ள போட்டேன்."

நிதானம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நீங்களும் வாங்க," என்று எழுந்தார்.

கிடங்கின் சர்வர் அறையில் மேலாளர் கணினித் திரையைக் காட்டினார்.

"கம்பெனிக்குள்ள ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு பேர், ஒரு எண்," என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தாள் மைத்துனி. "பேரைச் சொன்னா எண்ணைத் தர்ற பதிவேடுதான் டிஎன்எஸ்."

கசிவை மோப்பம் பிடிக்கும் கருவி, சங்கை ஊதவைக்கும் எச்சரிக்கை சர்வரின் எண்ணை அந்தப் பதிவேட்டில் கேட்டுத்தான் செய்தி அனுப்பும். வியாழனன்று அந்தப் பெயருக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று சரி. மற்றது கருவியால் போய்ச்சேர முடியாத ஒரு பாதையின் எண். கருவிக்குக் கிடைத்தது அதுதான்.

"நாற்பது நாள் சார், ஞாயிறு உட்பட," என்றார் மேலாளர். "காலையில ஏழு மணியானா போதும், அந்த எண்ணை அழிச்சிருக்கான். எழுதுறது, அழிக்கிறது, எல்லாம் ஒத்திகை. வியாழக்கிழமை மட்டும் அழிக்கல."

"அழிச்சது சரி. எழுதினதா அவர் பேர் எங்கயாவது இருக்கா?" என்றார் நிதானம்.

மேலாளர் மேலும் கீழும் தேடினார். இல்லை.

"அந்த எண் பக்கத்துல நேரம் போட்டிருக்கே?"

"அஞ்சு மணி மூணு நிமிஷம்."

"அதுக்குக் கீழே பத்து வரியில நேரமே இல்லையே?"

"அதெல்லாம் நாங்க கையால எழுதினது..." மேலாளர் நிறுத்திக்கொண்டார்.

"ஆமா. கையால எழுதினா இங்க நேரம் விழாது. எந்திரம் தானா வந்து பதிஞ்சாதான் விழும். இந்த எச்சரிக்கை சர்வர் தினமும் எத்தனை மணிக்கு நின்னு கிளம்பும்?"

"அஞ்சு."

நிதானம் சர்வரின் பின்பக்கம் குனிந்தார். இரண்டு வயர்கள். ஒன்றில் தூசி அப்பியிருந்தது, மற்றது புதுசு. புதியதில் தேதியோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதி.

"உங்க கையெழுத்துதானே?"

"தகவலை நகல் எடுக்கத் தனிப் பாதை போட்டேன். அதுல என்ன தப்பு?"

"ரெண்டாவது வயர் வந்ததும் சர்வருக்கு ரெண்டாவது எண் வந்துடுச்சு. வந்த எண்ணை அது தானா பதிவேட்டுல எழுதிக்கும். எழுத வேண்டாம்னா செட்டிங்ஸ்ல ஒரு டிக்கை எடுக்கணும். நீங்க எடுக்கலை. அவர் ஏழு மணிக்கு அழிப்பார், அது மறுநாள் அஞ்சு மணிக்கு மறுபடி எழுதிக்கும்."

"அவரே அந்த டிக்கை எடுத்திருக்கலாமே அத்தான்?" என்றாள் மைத்துனி.

"சார்தான் சொல்லணும்."

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த சர்வரைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது. ரெண்டு தடவை வந்து சொன்னான். நகல் வேலை கெட்டுடும், அழிச்சுட்டுப் போய் வேலையைப் பாருன்னேன்."

"கோளாறு நாற்பது நாளும் இருந்தது சார். அழிக்க ஆள் இருந்ததால தெரியலை. வியாழக்கிழமை யாரும் எதையும் கெடுக்கலை. அவர் வரலை, அவ்வளவுதான்."

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. தம்பி குற்றவாளி இல்லை. அடுத்த நொடியே அவன்மேல் கோபம் வந்தது.

"பாவி, இதை வாயைத் திறந்து அவனே சொல்லியிருக்கலாமே?"

நிதானம் அவள் பக்கம் திரும்பினார். 

"சொன்னா, தான் அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தா அந்த ஆள் பிழைச்சிருப்பார்னும் சொல்லணும்மா. போன்லயாவது யாரையாவது அழிக்கச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லணும். அது உங்க காதுக்கு வரும்."

அக்காவின் கை தானாகத் தோள்பையைப் பற்றியது. ஏழு மணிக்கு, 'ஒரே ஒரு நிமிஷம் போனைக் கொடு அக்கா' என்று அவன் கெஞ்சியதும், அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடியதும் நினைவுக்கு வந்தன.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். ஒரு மாதத்துக்கு அழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.