பதினேழாம் எண் விலகவில்லை

பதினேழாம் எண்ணுக்கு நேராக இன்றைய தேதியில் ஒரு பதிவு இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு விடுமுறை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை மெதுவாக நடக்கவிடுவது நல்லதா, மூச்சு வாங்க வேகமாக நடக்கவைப்பது நல்லதா என்று இரண்டு வருடமாக அவள் நடத்திய ஆய்வு முடிந்துவிட்டது. வேகமே நல்லது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாளைக் காலை கோப்பை இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத் தனியாக வந்திருந்தாள்.

பதினேழாம் எண் நோயாளி செத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது.

பதிவைத் திறந்தாள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. பழையது இல்லை. இப்போது, இந்த நிமிடம் துடிக்கிற ஒரு இதயம். எழுபத்தாறு. எண்பத்தொன்று. எண்பத்தெட்டு. யாரோ நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்டுக்கு ஃபோன் செய்தாள். வாய் ஓயாமல் சீட்டியடிப்பதால் நோயாளிகள் அவனுக்கு வைத்த பெயர் விசில்.

"இன்னிக்கு யாராவது துடிப்பு பாக்கற மார்புப் பட்டையை மாட்டிக்கிட்டு நடக்கறாங்களா?"

"ஞாயித்துக்கிழமையில யாரு மேடம் வரப்போறாங்க? ஏன், என்ன ஆச்சு?"

"பதினேழுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"டிரைவர் ஐயாவோட நம்பர்தானே அது? நான் பக்கத்துலதான் இருக்கேன். வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி. மெஷின் கோளாறு." வைத்துவிட்டாள்.

பதிவை அழித்தாள். போய்விட்டது. மூச்சை விடுவதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நூற்று நான்கு.

பதினேழாம் எண்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர்; முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். முதல் நாளே கூடத்தைச் சிரிக்க வைத்தார். "முப்பது வருஷம் உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்தினேன். இப்ப நடந்தும் நின்ன எடத்துலயே இருக்கேன். நல்லா பழிவாங்கறீங்கம்மா!" எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அவர் சிரிக்கவில்லை. டிரெட்மில்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல யாரோ கையை வெச்சு அழுத்தற மாதிரி இருக்கும்மா. இன்னிக்கு விட்டுடலாமா?" என்றார். திரையில் நடுநடுவே துடிப்பு தப்பியது. அவள் பார்த்தாள். அவர் நின்றால் வேக நடைக் குழுவில் ஆள் குறையும். ஏற்கெனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். விசில்கூட, "நிறுத்திடலாமா மேடம்?" என்று கேட்டான். "அது தசைப்பிடிப்பு. இன்னும் பத்து நிமிஷம்தான். நல்லாத்தான் இருக்காரு, ஒரு படி கூட்டுங்க" என்றாள். விசில் கூட்டினான். டாக்டர் சொன்னால் அவனுக்கு வேத வாக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக் குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமைப் பதிவை அவளே அழித்தாள். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தேதி போட்டு, 'தானாக விலகிக்கொண்டார்' என்று எழுதினாள். விலகியவர் பிறகு செத்தால் ஆய்வுக் கணக்கில் அது சேராது. அவர் மனைவி மட்டும் ஒரு நாள் வந்து நின்றாள். "நிறுத்திட்டேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா அவரு? வியாழக்கிழமைகூட ஷூ போட்டுக்கிட்டுத்தானே கெளம்பினாரு?" அதற்கு இவள் சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்திருக்கும். வேற எங்கயாவது போயிருப்பாரு." அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

நூற்றுப் பதினெட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அவள் அறைக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் நடுவே இருந்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால், இறக்கிவிட்டிருந்த திரைச்சீலைக்குப் பின்னால், ரப்பர் பட்டை சுற்றுகிற அடங்கிய இரைச்சலும், அதன்மேல் ஒரு கால் ஊன்றி ஒரு கால் லேசாக இழுபடும் நடையும், அந்த நடையோடு சேர்ந்து கதவிடுக்கு வழியாக மெல்ல மெல்ல உள்ளே வந்து மூக்கில் ஏறிய முழங்கால் தைலத்தின் காரமான வாசனையும்.

எழுந்து வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் நாளைக் காலை கோப்பு போக வேண்டும். அவள் கூடத்தின் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. ஐந்து டிரெட்மில்களில் நடுவில் இருந்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே யாருமில்லை. நடைச் சத்தமும் இல்லை. கிட்டே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நின்றது. கம்பியைத் தொட்டாள். ஈரம். பிடித்த கை இப்போதுதான் எடுத்ததுபோல் சூடு.

மார்புப் பட்டைகள் வைக்கிற இழுப்பறையைத் திறந்தாள். பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது.

நடுவில் இல்லை.

மூச்சை இழுத்தாள். முழு மூச்சு வரவில்லை. விலாவைச் சுற்றி ஏதோ இறுக்கியது. சட்டைமேல் கை வைத்துப் பார்த்தாள். துணிக்கு அடியில், தோலோடு தோலாக, ஒரு பட்டை. நடுவில் பொத்தான் அளவு மேடு. சுவரிலிருந்த பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள். நூற்று இருபத்தாறு. அவள் கழுத்து நரம்பு துடிக்கும்போதெல்லாம் பச்சைக் கோடு எம்பியது.

அவளுடைய இதயம். அவருடைய எண்.

"ஏறும்மா."

பிடரிக்குப் பின்னால். அவ்வளவு பக்கத்தில்.

திரும்ப முடியவில்லை. கழுத்து கேட்கவில்லை. கால்கள் கேட்டன. வேறு யாருடைய பேச்சையோ கேட்டன. வலது கால் டிரெட்மில்மேல் ஏறியது. இடது காலும். ரப்பர் பட்டை சுழலத் தொடங்கியது.

"தப்புதான்," என்றாள். "மன்னிச்சிடுங்க. மாத்தி எழுதிடறேன். விலகலைன்னு எழுதிடறேன்." சொல்லும்போதே மனசின் ஒரு மூலை, வியாழக்கிழமை என்று போடாமல் வேறு எப்படி எழுதலாம் என்று யோசித்தது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மார்புப் பட்டை ஒரு இறுக்கு இறுகியது.

"என் பொண்டாட்டிய தலைகுனிய வெச்சியே. அதை எப்படி மாத்தி எழுதுவ?"

வேகம் கூடியது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தெட்டு. நெஞ்சின் நடுவில் ஒரு கை. விரல்களை விரித்து, அவசரமில்லாமல், அழுத்தியது.

கதவு திறந்தது.

விசில். "மனசு கேக்கல மேடம், அதான் ஒரு எட்டு வந்தேன்..." என்றவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அட! நீங்களே நடக்கறீங்களா?"

நிறுத்து. மெஷினை நிறுத்து. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், வியாழக்கிழமையை, செவ்வாய்க்கிழமையை, எல்லாவற்றையும். தொண்டை கிழியக் கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது.

"சும்மா உக்காந்தே இருக்கேன்ல, அதான் தம்பி," என்றது வாய். அவள் குரல்தான்.

அவன் கிட்டே வந்தான். திரைக்கு முதுகு காட்டி நின்றான். "முகம் ஒரு மாதிரி இருக்கே. நிறுத்திடலாமா மேடம்?"

ஆமாம். ஆமாம். ஆமாம்.

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு படி கூட்டுங்க."

அவன் தயங்கினான். ஆனால் டாக்டர் சொல்கிறார். கையை நீட்டினான். ஒரு படி. அவள் முகத்தைப் பார்த்தான். முகம் சிரித்தது. இன்னொரு படி.

"பாத்து மேடம். நாளைக்கு வரேன்."

சீட்டியடித்துக்கொண்டே போனான். கதவு சாத்திக்கொண்டது. சீட்டி மாடிப்படியில் இறங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது.

நூற்று எழுபது. நூற்று எண்பத்தாறு. கோடு தாறுமாறாகக் கிறுக்கியது. நெஞ்சிலிருந்த கை முழுசாக மூடிக்கொண்டது.

கோடு நேரானது.

விழப்போகிறோம் என்று காத்திருந்தாள். விழுந்தால் போதும். முடிந்துவிடும். விழவில்லை.

திரையில் பூஜ்யம். ஒரு மேடும் இல்லாத பச்சைக் கோடு. அதற்குக் கீழே, மஞ்சள் வெயிலில், மூச்சில்லாத வாயும் இமைக்காத கண்ணுமாக, எல்லாம் தெரிந்தபடி, அவள் நடந்துகொண்டிருந்தாள்.