பிமோ அழ வேண்டும்

லாரஸ் கிண்ணத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள், ஒரு பக்கம் மட்டும் செம்பு பூசிய மின்சுற்றுத் தகடு ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. அதன்மேல் பத்திரிகையிலிருந்து கிழித்த வழவழப்பான தாள். அதில் அச்சடித்த கறுப்புக் கோடுகள், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தகட்டுக்கு மாறியிருக்க வேண்டும். மாறியிருக்குமா?

"பிச்சிடாதே. தானா உரியட்டும்" என்றான் அண்ணன் கிலாங். அவன் தொழிற்பள்ளி மாணவன்.

"சாயங்காலம் சித்தப்பா கடலுக்குப் போயிடுவாரே. அதுக்குள்ள முடியணும்ணா."

யூலி சித்திக்குக் காது கேட்காது. கைக்குழந்தை பிமோ அழும்போதெல்லாம் சித்தப்பாதான் சித்தியின் தோளைத் தொட்டுச் சொல்வார். இன்று அவர் படகேறிவிட்டால் யார் தொடுவது? அழுகைச் சத்தத்துக்கு மினுக்கும் விளக்கைச் செய்து தருவதாக லாரஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். பத்து வயதில் கொடுக்கிற வாக்கா அது!

தாள் உரிந்தது. கோடுகள் அப்படியே ஒட்டியிருந்தன. கிலாங் கையுறை மாட்டி, தகட்டைச் செம்பு அரிக்கும் கரைசலில் ஆட்டினான். கோடில்லாத செம்பெல்லாம் கரைந்துபோனது. பிறகு துளையிட்டு, எட்டுக்கால் மின்னணுச் சில்லைப் பொருத்திப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நான் வரைஞ்சதை அப்படியேதானே அச்சடிச்சே?"

"இல்லையே. ரப்பர் முத்திரையில எழுத்து திரும்பித்தானே இருக்கும்? அதான் கடைக்காரர்கிட்ட திருப்பி அடிக்கச் சொன்னேன்."

"அடி அதிமேதாவி. நானே திருப்பித்தான் வரைஞ்சிருந்தேன்."

இடம் வலமாகிக் கிடந்தது. ஒரு காலும் தன் கோட்டில் உட்காரவில்லை. வேறு தகடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் பூட்டு.

பிமோ வீறிட்டு அழ, சித்தி ஒன்றும் தெரியாமல் அடுப்படியில் நிற்பதை நினைத்தாலே லாரஸுக்கு அழுகை வந்தது. தகட்டை இப்படியும் அப்படியும் புரட்டினாள். சட்டென்று புரட்டுவதை நிறுத்தினாள்.

"அண்ணா, சில்லை எப்பவும் செம்பு இல்லாத பக்கம்தானே வைப்போம்? செம்புப் பக்கமே வச்சா?"

கிலாங் வைத்துப் பார்த்தான். எட்டுக் காலும் சரியாகப் பொருந்தின.

"பார்க்க அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டும். பிமோ என்ன அழகுப் போட்டியா நடத்தப்போறான்?"

சில்லைச் சற்றுத் தூக்கிவைத்து கிலாங் ஈயம் பற்றவைத்தான். லாரஸ் கைதட்டினாள். விளக்கு மினுக்கியது.

ஆனால் குழந்தையின் குரலுக்கு மினுக்குமா? சித்தி வீட்டில் கருவியைத் தொட்டிலருகிலும் விளக்கை அடுப்படியிலும் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிமோவோ தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பா வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்தார். "படகு கிளம்பிடும். இவனை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

"லேசாக் கிள்ளட்டுமா?" என்றான் கிலாங்.

"தொட்டுப் பாரு. உன்னைக் கிள்ளிடுவேன்" என்றாள் லாரஸ்.

பிமோ நெளிந்தான். உதட்டைப் பிதுக்கினான். "ஙே..." என்று ஆரம்பித்து வீடே அதிர அழுதான்.

அடுப்படியில் விளக்கு மினுக்கியது. டெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்த சித்தி, அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு ஓடிவந்தாள். யாரும் அவள் தோளைத் தொடவில்லை.

பிமோவை வாரி எடுத்தவள், மறுகையால் லாரஸை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சரி, நான் கிளம்பறேன்" என்று சித்தப்பா வலையைத் தூக்கித் தோளில் போட்டார்.

பிமோ இன்னும் அழுதுகொண்டிருந்தான். மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.