ஸ்பேசர் இல்லாத கார்

என் அத்தான் நல்ல மெக்கானிக். அதைச் சொல்லாமல் மேலே போனால் அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆனால் தன் தப்பை ஒப்புக்கொள்வது மட்டும் அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அவர் பட்டறையில்தான் எனக்கும் வேலை என்பதால் இதை நான் தினமும் அனுபவித்தவன்.

அன்று டீச்சரம்மா வீட்டுக்கு நாங்கள் போனபோது பகல் பதினொன்றரை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அந்தப் பழைய கார் உறை போர்த்தி நின்றது. ஆறு வருடம் முன்பு அவர் கணவர் அதன் டிரைவர் சீட்டில்தான் உயிரை விட்டார். நெஞ்சு வலி என்று தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர். உச்சி வெயிலில், தண்ணீர்த் தொட்டி வளைவில் வண்டி நின்றுவிட்டது.

“வித்துடலாம்னு இருக்கேன் தம்பி. ஓட வெச்சுக் குடுங்க” என்றார் டீச்சரம்மா. பிறகு கார் உறையைப் பிடித்துக்கொண்டார். “ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம், கார்லயே போயிடலாம்னு நான்தான் சொன்னேன். என் வாயாலயே அவரைக் கொன்னுட்டேன்.”

அத்தான் வேறு பக்கம் பார்த்தார்.

பாட்டரி மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றி, செல்ஃப் அடித்தோம். இன்ஜின் பிடித்தது. ஆனால் ஒரு நிலையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாகத் திணறியது. எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் எளிய வழி ஒன்று உண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சுற்றி நகர்த்துவோம். கசியும் இடத்தில் உஸ்ஸென்று கேட்கும்.

கேட்டது. கார்புரேட்டரின் அடியில்.

உஸ்ஸ்... நின்றது. மறுபடி உஸ்ஸ்...

காற்று கசிந்தால் விடாமல் கசியும். இது மூச்சு வாங்கியது.

அதற்குள்ளிருந்து களைத்துப்போன ஓர் ஆண் குரல். “இன்னொரு தடவை...”

குழாயைத் தூக்கி எறிந்தேன்.

“என்னடா, பூரான் கடிச்சுதா?” என்று சிரித்தார் அத்தான்.

நான் இன்ஜினை நிறுத்தி, கார்புரேட்டரைக் கழற்றினேன். அடியில், காற்றுக் கசியாமல் அடைக்கும் இரண்டு அட்டை கேஸ்கெட், காய்ந்து நொறுங்கிப்போயிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு விரல் தடிமனில் ஸ்பேசர் என்ற பேக்கலைட் தகடு இருக்க வேண்டும். இன்ஜின் சூடு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் வெயிலில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுவிடும். சூடு ஆறும்வரை எத்தனை செல்ஃப் அடித்தாலும் எடுக்காது.

தகடு இல்லை. நட்டுகளுக்கு அடியில் நாலு நாலு வாஷர் இருந்தது. ஸ்பேசர் போனதால் மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டைச் சரிக்கட்ட எவனோ செய்த வேலை. எவனோ என்ன எவனோ! கடைசியாக இந்த வண்டியில் கை வைத்தது அத்தான். அப்போது நான் வேலைக்கே சேரவில்லை.

“அத்தான், ஸ்பேசர் எங்க?”

“மெதுவாப் பேசுடா.” இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “இறுக்கும்போது வெடிச்சுடுச்சு. புதுசு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. சார் அவசரம் அவசரம்னு உயிரை வாங்கினாரு. ஓடுச்சுல்ல?”

கழற்றிய வாஷர்களை அவர் முன்னால் போட்டேன். “அந்தம்மா தன் மேலதான் தப்புன்னு ஆறு வருஷமா அழுதுட்டிருக்காங்க. போய்ச் சொல்லிடுங்க.”

“சொல்றேன், சொல்றேன். முதல்ல வேலையை முடி.”

பட்டறைக்கு ஓடி, உடைப்புக்கு வந்த வேறொரு பழைய வண்டியில் கழற்றிய ஸ்பேசரும் புது கேஸ்கெட்டும் கொண்டுவந்து பொருத்தினேன். இன்ஜின் சமர்த்தாக ஓடியது. சூடேறிய பிறகும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சுற்றுக் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் வண்டி நின்றது.

அத்தான் செல்ஃப் அடித்தார். மறுபடி அடித்தார். நான் இறங்கி பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தொட்டேன். அந்த வெயிலில் அது ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

“போதும் அத்தான், அடிக்காதீங்க!”

“நான் எங்கடா அடிக்கிறேன்!”

ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவர் வலது கை சாவியில் இருந்தது. மணிக்கட்டு தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். காருக்குள் தைலமும் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம். எங்கள் இரண்டு பேர் வியர்வையும் இல்லை அது.

“சொல்லிடறேன்! அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்!” என்று அலறினார் அத்தான்.

இன்ஜின் உடனே பிடித்தது.

கொட்டகை வாசலில் டீச்சரம்மா காத்திருந்தார். “என்ன தம்பி கோளாறு?”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா. பழைய வண்டி. சார் கொஞ்சம் ஒழுங்காப் பாத்துக்கிட்டிருந்தா அன்னிக்கு நின்னிருக்காது.”

செத்தவர் தலையிலேயே போட்டுவிட்டார். டீச்சரம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பதாம் நாள் பகலில் அத்தானுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்தது. புத்தம்புது வண்டி. அக்கா பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் டிரைவர் பக்கத்தில். இந்தக் காலத்து வண்டியில் கார்புரேட்டரே கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வளைவில் நின்றது.

“காலைலதாங்க சர்வீஸ் முடிச்சு எடுத்தேன்...” என்று டிரைவர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பின்னாலிருந்து அத்தான், “வேணாம் சார், வேணாம் சார்” என்று யாரிடமோ கெஞ்சுவது கேட்டது. அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிந்தது.

“தள்ளிட்டே ஓடிடலாம் வாங்க” என்று கத்தினேன்.

டிரைவர் சாவியை உருவிக்கொண்டு குதித்தார். ஸ்ட்ரெச்சரை இறக்கித் தள்ளிக்கொண்டு ஓடினோம். அக்கா அழுதுகொண்டே கூட ஓடி வந்தாள். இருபது அடி போயிருப்போம்.

“சொல்லிடறேன் சார்...” என்றார் அத்தான். இந்த முறை அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அக்கா அவரைப் போட்டு உலுக்கினாள்.

பின்னால், ஆள் இல்லாத ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆனது.

நான் டிரைவரைத் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சாவி அவர் கையில் இருந்தது.