கதவுப் பிடியில் சிவப்புத் துணி

"ஒரே மாதிரி ரெண்டு அறைங்கிறதையே உலகத்துலேர்ந்து ஒழிச்சாச்சு" என்று ப்ரணவ் போனில் அறிவித்தபோது அவன் குரலில் சிரிப்பில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குத் தானாகவே அறைகளை உருவாக்கித் தள்ளும் ப்ரோக்ராம் அவனுடையது. முதலில் வந்த அறையைப் போலவே இன்னொன்று வந்தால் அதைச் சாமானோடு அழித்துவிடும்.

"உள்ள ஆள் இருந்தா?" என்றாள், அதைச் சோதித்துப் பார்க்கும் இந்துஜா.

"ஆளும் சாமான்தான்."

டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. அவன் அப்பா ஜோதிலிங்கம் ஒருமுறை கீழே ஜ்யோத்ஸ்னா ஆன்ட்டி வீட்டுக்குள் நுழைந்து, சோபாவில் சாய்ந்து, காபி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தங்கள் கதவுப் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். காலையில்தான் ப்ரணவ் அதை அவிழ்த்தெறிந்தான்.

"சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீசர். சொந்த வீட்டுக்குக் கொடி கட்டணுமா?"

"அச்சா, விடு. இனிமே ஜ்யோத்ஸ்னா வீட்லயே காபி குடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

ப்ரோக்ராமுக்கு முதல் மாதிரியாக ஓர் அறை கொடுக்க வேண்டியிருந்தது. சொந்த ஹாலில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்ததால், கீழே போய் ஜ்யோத்ஸ்னா ஆன்ட்டியின் ஹாலைப் படமெடுத்து வந்தான். எல்லாம் ஒன்றுதானே.

ஜனவரி மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஈரமாக அப்பியிருந்த அந்தச் சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டு அப்பா கால்வரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். உள்ளறை லேப்டாப்பில் ப்ரோக்ராமை ஓடவிட்டு ஹாலுக்கு வந்த ப்ரணவுக்கு, ஹீட்டரில் கருகும் தூசியின் வாடைக்கும் மேல் வீட்டுக் குக்கரின் சத்தத்துக்கும் நடுவே ஏதோ உறுத்தியது. விசில் பாதியில் நின்றிருந்தது. அடங்கவில்லை. அறுந்திருந்தது.

வாசலில் வந்து பார்த்தான். மேலே போகும் படிகள் பாதிவரை இருந்தன. அதற்குமேல் பனி. பனி என்றால் நகரும். இது நகரவில்லை.

திரும்பினான். உள்ளறையின் கதவுச் சட்டம் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் அதே சாம்பல் நிற வெறுமை. லேப்டாப்பும் அங்கேதான் இருந்தது.

கீழே ஜ்யோத்ஸ்னா ஆன்ட்டியின் டிவி நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தது. முதல் அறை அவர்களுடையது. இது இரண்டாவது.

சாம்பல் தரையோடு தரையாக வந்தது. சத்தமில்லை. டீப்பாய் போனது. அப்பாவின் செருப்பு போனது. கம்பளியின் ஓரம்.

"அப்பா, எந்திரிங்க."

தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. நாற்காலியோடு ஒட்டியிருந்தார், சாமானைப் போல. அறையை எப்படியாவது மாற்றிக் காட்ட, சுவரிலிருந்த காலண்டரைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை.

வித்தியாசம். ஒன்றே ஒன்று. ஏதாவது.

அவன் கழுத்தில் சிவப்பு மஃப்ளர்.

ஓடிப்போய்க் கதவுப் பிடியில் சுற்றிக் கட்டினான்.

சாம்பல் நின்றது.

அப்பா கண் விழித்தார். கம்பளி அவர் முழங்காலோடு முடிந்திருந்தது. ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேராக. அதற்குக் கீழே கால்கள் இல்லை. ரத்தமும் இல்லை.

"டேய், கால் ஜில்லுங்குது. ஹீட்டரைக் கொஞ்சம் இழுத்து வை."

ப்ரணவ் மஃப்ளருக்கு இன்னொரு முடிச்சுப் போட்டான்.