மூன்று அடி

அந்தக் குதிரை தொப்பியைத் தின்றுகொண்டிருந்தது!

"ஐயோ மாதாவே! விடு... விடு சனியனே!"

நோரீன் லெஹேன் தொப்பியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். மறுநுனி குதிரையின் வாயில். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறீங்களா? உங்க குதிரைதானே இது?"

"குதிரை என்னோடதுதாங்க. பசி அவரோடது." கடிவாளத்தைப் பிடித்தபடி ஓர் உயரமான இளைஞன் வந்து நின்றான். "பிஷப், விடுங்க. அது சினிமாக்காரங்க சொத்து."

"பிஷப்பா? இதுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"யார் சொன்னாலும் நகர மாட்டாரு. தானா மனசு வெச்சாத்தான் நகருவாரு. வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்தும் பயனில்லை... நிமிர்ந்தபோது அவன் கண்கள் எதிரிலேயே இருந்தன. மழைக்கு முந்தைய கடலின் சாம்பல் நிறம். 'அடியே நோரீன், தொப்பியைப் பாரு, கண்ணைப் பார்க்காதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் புத்திமதியை அவள் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா என்ன?

அந்த ஆகஸ்ட் மாதம் கில்பராக் ஊரே தலைகீழாகக் கிடந்தது. தலைவரைப் பற்றிய படம்! நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்து, அடுத்த ஆண்டே சொந்த நாட்டுக்காரன் குண்டுக்குப் பலியானாரே, அவரேதான். அவருடைய இறுதி ஊர்வலத்தை எங்கள் கடைத்தெருவில் எடுப்பதாக ஏற்பாடு. இரண்டாயிரம் பேர் பழைய உடுப்பில் திரண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொப்பி கொடுப்பது துணிக்கடை நோரீனின் வேலை. சவப்பெட்டி ஏற்றிய பீரங்கி வண்டியை இழுப்பது பிஷப்பின் வேலை. பிஷப்பை இழுப்பது அந்த உயரமான இளைஞன் டோனலின் வேலை, பாவம்.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"என் தொப்பிங்க!" என்று அலறினாள் நோரீன். மிச்சமிருந்த இரண்டு பெட்டித் தொப்பிகள் நடுத்தெருவில் நனைந்துகொண்டிருந்தன.

டோனல் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு வண்டியில் இருந்த சவப்பெட்டியின் மூடியைத் திறந்தான்.

"இதுக்குள்ளயா?"

"காலிதானேங்க. தலைவர் கோவிச்சுக்க மாட்டாரு."

இருவருமாக அள்ளிப் போட்டு மூடினார்கள். அப்புறம் இறைச்சிக் கடையின் கூரைக்குக் கீழே ஓடி ஒதுங்கினார்கள். அவள் முடியிலிருந்து நீர் சொட்டியது. அவன் தன் ரொட்டியைப் பிய்த்து, பன்றிக்கறி அதிகமிருந்த பாதியை அவளிடம் நீட்டினான். அதைக் கவனித்தாள் அவள். இந்த மாதிரி விஷயங்களைப் பெண்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

"நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்றான். எங்கள் ஊரில் முதல் கேள்வியே அதுதான்.

"பாலத்துக்கு அந்தாண்ட... மோர்ட்டி லெஹேன் மகள்."

ரொட்டி அவன் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நீங்க?"

"டோனல்..." என்று இழுத்தான். "டோனல் கடோகன்."

கடோகன்!

தலைவர் ஆங்கிலேயனோடு ஒப்பந்தம் போட்டபோது நாடு இரண்டாகப் பிளந்ததே... அதில் லெஹேன் வீட்டார் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள். கடோகன்கள் தலைவரின் படையில் பச்சைச் சட்டை போட்டவர்கள். அந்தச் சட்டைக்காரர்கள்தான் நோரீன் அப்பாவின் பெரியப்பாவைப் பாலத்தடியில் சுட்டுப் போட்டார்கள். இருபது வயதுப் பையன். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. தலைவர் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

"எங்கப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்," என்றாள் மெல்ல. "தொப்பி மட்டும்தான் குடுப்பேன், பெட்டி போறப்ப தெருவுல நிக்க மாட்டேன்னு."

"எழுபது வருஷம் ஆச்சுங்க."

"எங்க வீட்ல நேத்து நடந்த மாதிரிதான்."

"அப்போ... இனிமே என்கூடப் பேச மாட்டீங்க?"

பேசுவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு. "ரொட்டிக்கு நன்றி. தொப்பிங்களை அப்புறம் எடுத்துக்கறேன்." மழையிலேயே இறங்கி நடந்தாள். முகத்தில் வழிந்தது எல்லாமே மழைதான் என்று நானும் சொல்ல மாட்டேன்.

மழை விட்டதும் படப்பிடிப்பு தொடங்கியது. நோரீன் துணிக்கடைக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டாள். மேளம் ஒலிக்க, பிஷப் மனசு வைத்து நகர, பெட்டி வந்தது.

"நிறுத்துங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் இயக்குநர். அவர் வெளியூர்க்காரர். "ஏன் எல்லாரும் நடக்கறீங்க? சிலை மாதிரி நிக்கணும்னு சொன்னேனில்ல?"

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் பெட்டி வந்தது... இரண்டாயிரம் பேரும் திரும்பி, அதோடு மூன்று அடி நடந்தார்கள்!

அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? சவ ஊர்வலம் எதிரே வந்தால் யாராயிருந்தாலும் அதோடு மூன்று அடியாவது நடக்க வேண்டும். எங்கள் குழந்தைகள் நடை பழகும்போதே பழகுவது இது. சினிமாக்காரர் சொன்னால் கால் கேட்குமா?

"மூணாவது தடவை யாராவது அசைஞ்சீங்க... ஊர்வலத்தையே வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவேன்!"

இதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி பாலத்துக்கு அப்பால் போய் வத்தி வைத்துவிட்டாள். உங்க மகள் கடோகன் பையனோடு ரொட்டி தின்கிறாள் என்று! மோர்ட்டி லெஹேன் விடுவிடுவென்று வந்தார். பழைய கோட்டும் பழைய தொப்பியுமாக அவர் இருந்த கோலத்தைப் பார்த்து, இவரும் ஊர்வல ஆள்தான் என்று நினைத்துக் காவலுக்கு நின்றவர்கள் வழிவிட்டார்கள். நேரே துணிக்கடைக்குள் நுழைந்து மகளின் கையைப் பிடித்தார்.

"நட வீட்டுக்கு."

"அப்பா, நான் ஒண்ணும்..."

"பேசாதே. நட!"

அவளை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இறங்கிய நொடியில்... மூன்றாவது தடவைக்காக ஒலித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது.

அப்படி ஒரு மௌனத்தை கில்பராக் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்து நின்றார்கள். இருமல் இல்லை, குழந்தை அழுகை இல்லை. ஈரக் கல்லில் பிஷப்பின் குளம்புச் சத்தம் மட்டும் டொக்... டொக்... என்று வந்தது. கொடி போர்த்திய பெட்டி. குதிரையின் தலையருகே டோனல், நிமிர்ந்த முகத்தோடு. உள்ளே இருப்பது தொப்பிகள்தான் என்று நோரீனுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

யாரும் அசையவில்லை. அசையக் கூடாதே!

மோர்ட்டிக்கு அந்த உத்தரவு தெரியாது.

மகளின் கையை விட்டார். தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தெருவே பார்த்திருக்க, அந்தப் பெட்டியோடு ஓர் அடி நடந்தார்... இரண்டு... மூன்று.

லெஹேன் வீட்டு ஆள்! அந்தத் தலைவருக்காக!

கூட்டத்தில் ஒரு பெரும் விம்மல் எழுந்தது. மோர்ட்டியின் பின்னால் நோரீன் நடந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தத் தெரு முழுவதும் திரும்பி நடந்தது, மூன்று அடி, ஒரே காலடியாக. இயக்குநர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே இறக்கிவிட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மோர்ட்டி தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"பழக்கம்," என்றார் கரகரத்த குரலில். "வேற ஒண்ணுமில்ல. உள்ள என்ன வெச்சிருக்கான் இந்தப் பய?"

"தொப்பிங்கப்பா... மழைக்காக."

"தொப்பிக்கா நான் தொப்பியக் கழட்டினேன்!" சிரிக்க ஆரம்பித்தவர் சிரித்து முடிக்கவில்லை, குரல் உடைந்துவிட்டது. "எங்க பெரியப்பா பெட்டி போனப்ப இந்தத் தெருவுல ஒரு கதவு திறக்கலம்மா. எல்லாருக்கும் பயம். கூட மூணு அடி நடக்க ஒரு நாதி இல்ல."

டோனல் கடிவாளத்தைக் கையில் சுற்றியபடி நின்றான்.

"கல்லறை எங்க இருக்குங்க ஐயா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான் வர்றேன். பாலத்திலேர்ந்து அது வரைக்கும் நடக்கறேன்."

மோர்ட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். கடோகன் ஒருவனை அவர் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"குதிரை வேண்டாம்," என்றார். "பூவெல்லாம் தின்னுடும்."

தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, மகளை அழைக்காமலே வீட்டை நோக்கி நடந்தார்.

பீரங்கி வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக டோனல் பிஷப்பைத் தட்டினான். என்ன அதிசயம், உடனே நகர்ந்தது! நோரீன் பெட்டியோடு சேர்ந்து நடந்தாள். ஓர் அடி... இரண்டு... மூன்று...

நான்கு.

டோனல் நின்றுவிட்டான். "மூணு அடி முடிஞ்சிடுச்சுங்களே..."

"நான் ஒண்ணும் பெட்டியோட நடக்கலை," என்றாள் தலை குனிந்து. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. "உன்னோட நடக்கறேன்டா, மக்கு. எவ்வளவு தூரம்னு கேக்காதே... நீ போற வரைக்கும்."